நிழல் ரீடிங்

ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அவர் வேலை. யாரும் கொடுத்ததில்லை, அவரே எடுத்துக்கொண்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றுவிடுவார். முதலில் தம்ளர், பிறகு தட்டு, அடிப்பிடித்தது கடைசியில். மனைவி பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குவாள். குழாயை விரல் தடிமனுக்கு மேல் திறக்க மாட்டார். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்த மனிதர். ஓடுகிற தண்ணீரை அவர் காது தானாகவே அளந்துகொண்டிருக்கும்.

அன்றைக்கு ஒரே வாணலியைப் பத்து நிமிஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, ஓட்டை விழுந்துடப் போகுது," என்றாள் மனைவி.

"நானும் வர்றேன்."

"எங்க?"

"உன்கூடத்தான். உன் தங்கச்சி வீட்டுக்கு."

கையில் இருந்த தட்டைத் துடைக்காமலே அடுக்கில் வைத்தாள். தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. இரண்டு வாரம் கூட இருந்து பார்த்துக்கொள்ளக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தங்கை இருப்பது, கல்யாணமான புதிதில் இவர்கள் குடியேறிப் பதினோரு வருஷம் வாழ்ந்த நகரம். அதை விட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இடையில் கல்யாணம், பிரசவம், சாவு என்று பதினைந்து தடவையாவது அவள் போய் வந்திருப்பாள். அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை. லீவு கிடைக்கவில்லை என்பார். இடுப்பு வலி என்பார். ஒரு முறை, பின்பக்கம் பூனை குட்டி போட்டிருக்கிறது, விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். அது இவர்கள் வளர்த்த பூனைகூட இல்லை.

"என்ன திடீர்னு? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப பூனையை யார் பாத்துக்குவா?"

அவர் சிரிக்கவில்லை. வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்ற பயம்தான்.

அந்த நகரத்தில் அவர் ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்து ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் சொல்லாமல் இருந்ததை இப்போது மட்டும் ஏன் என்றால், இரண்டு மாதம் முன்பு அவர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நாற்பது நிமிஷம் அப்படியே கிடந்தார். பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. எல்லாம் கைக்கெட்டும் தூரம். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மனைவி வந்து தூக்கி உட்கார வைத்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். "வயசாயிடுச்சு, வலி தாங்கல," என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம் தங்கையிடம் போனில் பேசிவிட்டு வந்தவள், பேச்சோடு பேச்சாக, "உங்களுக்கு ஞாபகம் இருக்கா, அந்த ஜியாகரபி டீச்சர்? அவங்க மக வேலைல இருந்து ஓய்வு வாங்கிட்டு அந்த வீட்டுக்கே வந்துட்டாங்களாம்," என்றாள்.

ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்த நகரத்தை அவர் அறிந்தது மற்றவர்கள் அறிந்த மாதிரி இல்லை. எல்லோருக்கும் வீடு என்றால் முன்வாசல். அவருக்குப் பக்கவாட்டுச் சந்து, துவைக்கிற கல், பூந்தொட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரும்பு மூடி. பதினாலாம் லைன் அவருடையது. இருநூற்றுப் பத்து வீடு. ரீடிங் புத்தகத்தில் வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மூலையில் பென்சிலால் அவர் எழுதி வைத்த குறிப்புகள் இருக்கும். 'நாய்.' 'கல் மூடி, கனம்.' 'மாமனார் சண்டைக்கு வருவார்.' 'பக்கக் கதவு, கொக்கி.'

கொக்கி என்பது இரண்டடி நீள இரும்புக் கம்பி, நுனி வளைந்தது. மூடியைத் தூக்கத்தான் கொடுத்தார்கள். ஆனால் மீட்டர்காரர்கள் எல்லோருக்கும் இன்னொரு வித்தை தெரியும். பக்கக் கதவின் மேலே கம்பியை விட்டு உள்தாழ்ப்பாளைத் தூக்கிவிடலாம். வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். டீச்சர் வீட்டுக்கு அவர் அப்படித்தான் போவார். டீச்சரே சொன்ன ஏற்பாடு அது. "நான் கதவு திறக்க வர்றதுக்குள்ள நீங்க நாலு வீடு முடிச்சிடுவீங்க. உங்க கம்பியால நீங்களே வந்துக்குங்க."

டீச்சர் தனி ஆள். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். மீட்டர் மூடி திறக்கும் சத்தம் கேட்டதும் சமையலறைக் கதவு வழியாகத் தண்ணீர்த் தம்ளரோடு வருவார். மாதாமாதம் ஒரே கேள்வி. "இந்த மாசம் நான் எவ்வளவு குடிச்சேன்?" இவரும் மாதாமாதம் ஒரே பதில். "ஒன்பது யூனிட், டீச்சர். ஒன்பதாயிரம் லிட்டர்." "பாத்தீங்களா, யானை தோத்துடும்."

மாதம் தவறாமல் ஒன்பது. அதுதான் வினையாகப் போயிற்று.

வெயில் கொளுத்தும் நாளிலும் மழை கொட்டும் நாளிலும் மீட்டர்காரர்கள் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. எங்காவது நிழலில் உட்கார்ந்து, போன மாதம் எவ்வளவு ஓடியதோ அதையே கூட்டி இந்த மாதத்துக்கும் எழுதிவிடுவார்கள். நிழல் ரீடிங் என்று அதற்குப் பெயர். அதிலும் ஒரு முறை உண்டு. ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து இரண்டு மாதம் எழுதக் கூடாது. விருந்தாளி வந்துபோகிற வீட்டுக்கு எழுதக் கூடாது. ஏற்ற இறக்கம் இல்லாத, காலை வாராத வீடாகப் பார்த்து எழுத வேண்டும். பதினாலாம் லைனில் டீச்சர் வீட்டைவிட நம்பகமான வீடு கிடையாது.

இருபத்தாறு வருஷம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. அனல். நூலகத்து வாசகசாலையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பதினாறு வீடுகளுக்கு நிழல் ரீடிங் எழுதினார். டீச்சர் வீட்டுக்கு 2318 என்று போட்டார். நேரம் போட வேண்டும். பகல் பதினொன்று நாற்பது என்று போட்டார்.

வியாழக்கிழமை காலை டீச்சரைக் கண்டுபிடித்தார்கள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். மீட்டர் மூடிக்கும் அவர் தலைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. விழுந்த உடனே உயிர் போகவில்லை, புதன்கிழமை எப்போதோ போயிருக்கிறது என்றார் டாக்டர்.

மகள் வந்தாள். அடக்கம் முடிந்து நான்காம் நாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மீட்டர்காரர் செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவில் ரீடிங் எடுத்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேலதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு நாப்பதுக்குப் போயிருக்கீங்களே?" என்றார்.

போனேன், டீச்சரைப் பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. மூடி இருக்கிற இடம் அப்படி. போயிருந்தால் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை என்றால் அன்றைக்கே வேலை போய்விடும். நிற்கக்கூடிய பொய் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"பாத்தேம்மா. நல்லா இருந்தாங்க. தண்ணி குடுத்தாங்க. இந்த மாசம் எவ்வளவு குடிச்சேன்னு கேட்டுச் சிரிச்சாங்க."

மகள் மேஜையைச் சுற்றி வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "போதும்ணே. இது போதும் எனக்கு," என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் அவர் எப்படியோ மறந்திருப்பார். டீச்சர் வீட்டில் வேலை செய்த அம்மா ஒருத்தி இருந்தாள். ஐந்து வீட்டுக்கு ஓடி ஓடி வேலை செய்ததால் தெருவே அவளை 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிடும். செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வந்து முன்கதவைத் தட்டினேன், திறக்கவில்லை, வெளியூர்க் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களே, போயிருப்பார்கள், வர இரண்டு நாள் ஆகும் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன், புதன்கிழமையும் வரவில்லை என்றாள் அவள். யாரும் நம்பவில்லை. பதினொன்று நாற்பதுக்குச் சிரித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தவர் ஒன்பது மணிக்கு ஏன் கதவைத் திறக்கவில்லை? வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கதை சொல்கிறாள். இவள் வந்திருந்தால் டீச்சர் பிழைத்திருப்பார். தெரு ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது.

எக்ஸ்பிரஸ் சொன்னது உண்மை என்பது அந்த வீட்டாரைத் தவிர உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அதாவது, ஒன்பது மணிக்கே டீச்சர் விழுந்து கிடந்தார். பதினொன்று நாற்பதுக்கும் உயிரோடுதான் கிடந்தார். பக்கக் கதவைத் திறக்கத் தெரிந்த ஒரே மனிதர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. கொக்கியால் கதவைத் திறந்து, மூடியைத் தூக்கிப் பார்த்தார். காரியத்துக்கு வந்தவர்கள் புழங்கிய பிறகும் மீட்டரில் 2314. இவர் எழுதி வைத்தது 2318. விழுவதற்கு முன் டீச்சர் இருபது நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். இவருக்கு அது தெரியாது. நாலு யூனிட் குறைவு. ஆள் இல்லாத வீடு, இனி அந்த முள் நகரப் போவதில்லை. மூடியை மூடிவிட்டுப் புத்தகத்தில் மறுபடியும் 2318 என்றே எழுதினார். அதற்கடுத்த மாதமும் போனார். 2314. அதற்கும் அடுத்த மாதம். எட்டு மாதம் அந்த எண்ணைப் போய்ப் பார்த்தார். சமையலறைக் கதவு எப்போது திறக்குமோ என்று முதுகு காத்திருக்கும். ஒன்பதாம் மாதம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். மனைவியிடம், மேலிடத்து உத்தரவு என்றார்.

கொழுந்தியா வீட்டில் அவரைப் பார்த்ததும் ஒரே அமர்க்களம். "அக்கா, இது யாரு? எங்கயோ பாத்த முகமா இருக்கே," என்றாள் அவள், காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு. சகலை இன்னும் ஒருபடி மேலே போனார்.

"வாங்க சகலை. நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லித்தான் இங்க பாதிப் பேரை நம்ப வெச்சிருந்தேன்."

"மீதிப் பேர்?"

"அவங்க உங்களையே நம்பல. இவங்களுக்குப் புருஷன்னு ஒருத்தர் உண்டான்னு கேட்டாங்க." பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினார். "உங்க வேலைய இப்ப ஒரு டப்பா செய்யுது, தெரியுமா? தெருமுனைல வண்டிய நிறுத்திட்டு ஒருத்தன் பட்டனை அமுக்கறான். தெரு முழுக்க ரீடிங் வந்துடுது. யாரும் எந்த வீட்டுக்குள்ளயும் போறதில்ல."

"நல்லதுதான்," என்றார் அவர்.

சாப்பிடும்போது, எதையோ கேட்பதுபோல எக்ஸ்பிரஸ் பற்றிக் கேட்டார்.

"அவளா? போய்ச் சேந்து நாலு வருஷமாச்சே," என்றாள் கொழுந்தியா. "டீச்சர் விஷயத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் ஒரு வீட்லயும் அவளைச் சேர்க்கல. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை கழுவிட்டிருந்தா. யாரைப் பாத்தாலும் 'நான் தட்டினேன், நான் தட்டினேன்'னுதான் சொல்லுவா. கடைசில யாரும் நின்னு கேக்கறதில்ல. பாவம், கொஞ்சம் புத்தி பிசகிடுச்சு."

அவர் தட்டில் கைகழுவிவிட்டார். "என்ன, அதுக்குள்ளயா?" என்றார் சகலை.

மறுநாள் காலை மனைவி அவரை ஊர் சுற்றக் கூட்டிக்கொண்டு போனாள். அறுபது வயசுக்காரி ஆறு வயசுப் பிள்ளை மாதிரி முன்னால் நடந்தாள். மகனின் முதல் பிறந்தநாள் படத்தை ஒரு வருஷம் கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோ இப்போது செல்போன் கடை. உள்ளே போய்க் கடைக்காரரிடம், "இதோ இந்த இடத்துலதான் என் பையன் வாயில விரல் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்," என்று காட்டிவிட்டு வந்தாள். கடைக்காரர் பணிவாகத் தலையாட்டினார். சினிமா தியேட்டர் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. டிக்கெட் ஜன்னல் மட்டும் சுவரில் ஓட்டையாக மிச்சமிருந்தது. ரயில்பாதை மேலே இரும்புப் பாலம் அப்படியே இருந்தது. நடுவில் நின்று, "ஒரு தடவை இங்க வெச்சு எங்கிட்ட கோவிச்சுக்கிட்டுத் தனியா நடந்து போனீங்களே, எதுக்கு?" என்றாள்.

"தெரியல."

"எனக்கும் தெரியல. ஆனா அன்னைக்கு நான் பச்சைப் புடவை."

அவள் வேலை பார்த்த, பள்ளிச் சீருடை தைக்கிற கடைமுன் மட்டும் அவள் பேச்சு நின்றது. இப்போது திரைச்சீலை விற்கிறார்கள். அந்த நகரத்தை விட்டுப் போகும்போது அவளுக்குக் கீழே ஐந்து மெஷின் இருந்தது. இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் வெட்டும் மேஜையும் அவளுக்கே வந்திருக்கும். புது ஊரில் வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்குக் கரை மடித்துத் தைத்ததோடு சரி.

அவள் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடக்க, அவர் கால் தன்பாட்டில் பதினாலாம் லைனைப் பிடித்தது. பழைய வீடுகள் பாதி அடுக்குமாடி ஆகிவிட்டன. ஆனால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் இருந்த சந்துதான் அவருக்குத் தெரிந்தது. அவரை அறியாமல் வாய் முணுமுணுத்தது. நாய். கல் மூடி. மாமனார்.

"என்ன தனியாப் பேசறீங்க?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் உக்காரலாம்."

எதிரே நூலகம். வாசகசாலைக்குள் போனார்கள். நீள மேஜை, பெஞ்சு, மேலே மின்விசிறி. விசிறி மட்டும் புதுசு. மூன்று பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் படிக்கிற மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நேராக அந்த இடத்துக்கே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எழுந்திருக்க முடியாது என்று. சொல்ல ஆரம்பித்தார்.

தாழ்ந்த குரலில், தலையைத் தூக்காமல் சொன்னார். வாணலி தேய்க்கிற மாதிரி சொன்னதையே சொன்னார். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி டீச்சரைப் பற்றியோ எக்ஸ்பிரஸைப் பற்றியோ இல்லை.

"அப்ப மாத்தல்? அது நீங்களா கேட்டு வாங்கினதா?"

"ஆமா."

"மேலிடத்து உத்தரவுன்னீங்க. நான் கடைல போய் அப்படித்தான் சொன்னேன். கட்டிங் மாஸ்டர் அழுதுட்டாரு. நானும் அழுதேன்." அவள் குரல் உயர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பேப்பரை நிமிர்த்தினார். "எம் பொழைப்பையும் நெழல்ல உக்காந்துதான் எழுதினீங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எக்ஸ்பிரஸை எனக்குத் தெரியும். பொண்ணுக்கு ஸ்கூல் டிரஸ் தைக்க வருவா. ரெண்டு வருஷத்துக்குச் சேத்துப் பெரிசா தைங்கன்னு சொல்லுவா." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "எந்திரிங்க."

"எங்க?"

"அதுக்குத்தானே வந்தீங்க? இல்ல, பாலத்தைப் பாக்க வந்தீங்களா?"

"டீச்சர் பொண்ணு இத்தனை வருஷமா அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தா... அதைப் போய்ப் பிடுங்கலாமா? எக்ஸ்பிரஸும் இல்ல இப்ப. யாருக்கு என்ன லாபம்?"

"எனக்குத் தெரியாது. ஆனா இதைத் தூக்கிக்கிட்டு நீங்க மறுபடி நம்ம வீட்டுக்குள்ள வராதீங்க."

டீச்சர் வீடு மாறவில்லை. பக்கக் கதவு மட்டும் எடுக்கப்பட்டு அங்கே சுவர் வந்திருந்தது. மகளுக்கும் அறுபது வயசு இருக்கும். தலை டீச்சருடையது மாதிரியே முன்னால் மட்டும் நரைத்திருந்தது. வாசலில் அவரைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"மீட்டர் அண்ணன்தானே? ஐயோ, வாங்க வாங்க. அண்ணி, நீங்களும் வாங்க."

கூடத்தில் உட்கார வைத்தாள். சுவரில் டீச்சர் மாட்டியிருந்த பெரிய உலகப்படம், ஓரம் பழுப்பேறி அப்படியே தொங்கியது. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்க வீட்ல இவரைப் பத்திப் பேசாத நாளே இல்ல," என்றாள் மகள் மனைவியிடம். "எங்கம்மாவைக் கடைசியாப் பாத்தது இவர்தான். எம் பசங்களுக்கெல்லாம் மனப்பாடம். பேரன் இருக்கான், நாலு வயசு. தண்ணி குடிச்சு முடிச்சதும் தம்ளரைத் தூக்கிக் காமிச்சு, 'இந்த மாசம் நான் எவ்வளவு குடிச்சேன்'ம்பான். எங்கம்மா போகும்போது சிரிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு நெனைக்கறப்ப... சரி, விடுங்க. அண்ணே, எனக்காக ஒரு தடவை சொல்லுங்களேன், அன்னைக்கு என்ன புடவை கட்டியிருந்தாங்க? அதைக் கேக்கணும்னு இத்தனை வருஷமாத் தோணிக்கிட்டே இருந்துச்சு."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி உலகப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா," என்றார். "நான் அன்னைக்கு வரல."

"எப்ப?"

"செவ்வாக்கிழமை. நான் இங்க வரவே இல்ல. நூலகத்துல உக்காந்து எழுதினேன். வராமலே வந்ததா எழுதினேன்."

மகள் சிரித்த முகத்தோடே இருந்தாள். அந்தச் சிரிப்பு இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தண்ணி குடுத்தாங்கன்னு சொன்னீங்களே?"

"இல்லம்மா."

"எவ்வளவு குடிச்சேன்னு..."

"அது மாசாமாசம் கேக்கறது. அன்னைக்குக் கேக்கல. அன்னைக்கு நான் அவங்களைப் பாக்கவே இல்ல. வந்திருந்தா பாத்திருப்பேன். கதவைத் திறக்க எனக்குத் தெரியும். அவங்க விழுந்து கிடந்தாங்க. அப்ப உயிர் இருந்துச்சு." காலித் தம்ளரை மேஜைமேல் வைத்தார். "வேலை போயிடும்னு பொய் சொன்னேன். அந்தம்மா தட்டினது நிஜம். ஒன்பது மணிக்கு வந்து தட்டியிருக்காங்க. அவங்க பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். நான்கு உதை, ஐந்து உதை. கிளம்பவில்லை.

"அவ வாசல்ல வந்து நின்னா," என்றாள் மகள், அவரிடம் சொல்வதுபோல் இல்லாமல். "பதினாறாம் நாள். என் காலைத் தொட வந்தா. நான் கதவைச் சாத்திட்டேன். எதுத்த வீட்டுக்காரங்க கிட்டச் சொன்னதே நான்தான், இவளைச் சேர்க்காதீங்கன்னு. தெரு சொல்லல. நான் சொன்னேன்."

"நான் சொன்னதை நம்பித்தானேம்மா..."

"அவ பொண்ணு எனக்கு லெட்டர் போட்டா. அப்ப எட்டாவதோ ஒன்பதாவதோ படிச்சா. எங்கம்மாதான் அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பாங்க. மூணு லெட்டர். 'எங்கம்மா தட்டினாங்க. நானும் கூட இருந்தேன். நானும் தட்டினேன்'னு எழுதியிருந்தா. கோடு போட்ட நோட்டுல கிழிச்சு எழுதினது." மகள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "மூணுக்கும் நான் பதில் போடல. அம்மா சொல்லிக் குடுத்துப் பொண்ணு எழுதறான்னு நெனைச்சேன்."

மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த லெட்டர் இருக்காம்மா?" என்றார்.

மகள் நிமிர்ந்தாள்.

"இருந்தா, பின்பக்கம் விலாசம் எழுதியிருக்கும். அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குன்னு தேடிப் பாக்கலாம். உங்ககிட்டச் சொன்ன மாதிரி அதுகிட்டயும் நான் நேர்ல சொல்லணும். கூட நீங்க வரணும்னு கேக்கல. விலாசம் மட்டும் குடுத்தாப் போதும். குடுப்பீங்களா?"

மகள் எழுந்தாள். காலித் தம்ளரை எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியை மெதுவாக மேஜைக்குள் தள்ளினாள், பரீட்சை முடிந்து எழுந்து போகிற பிள்ளை மாதிரி. அவரையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே பழைய பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.